பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறவங்க வாங்க: வெற்றுத் தாளில் கையெழுத்து கேட்டா என்ன பண்ணுவீங்க?

வேப்பங்கொட்டை · திங்கள், இரவு 9.40

எங்க ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் மேலாண்மைக் குழுத் தலைவி நான். மகள் ஏழாவது, மகன் மூணாவது, ரெண்டு பேரும் அங்கதான். மொத்தம் 92 பிள்ளைங்க. வீட்டில் தையல் வேலை பாக்கிறேன், பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன்.

தலைவியானது ஒரு கூத்து. பெற்றோர் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். "நீங்க எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க, நீங்களே இருங்கம்மா"ன்னு சொன்னாங்க, எல்லாரும் கை தட்டினாங்க, முடிஞ்சது.

முதல் கூட்டத்தில் தீர்மான நோட்டை நீட்டினாங்க. பக்கம் மேலே தேதி மட்டும் இருந்தது. அடியில் பெயர் வரிசை. "நேரமாச்சும்மா, மேல நான் எழுதிக்கிறேன், நீங்க போட்டுட்டுப் போங்க." போட்டேன். எனக்குப் பின்னாடி ஒம்பது அம்மாக்கள் போட்டாங்க. அதில் ரெண்டு பேர் கைநாட்டு.

நாலு மாசம் கழிச்சு வேற ஏதோ தேடப்போய் அந்த நோட்டைப் புரட்டினேன். என் கையெழுத்துக்கு மேலே, வகுப்பறைக்கு வெள்ளையடிக்கவும் நாற்காலி பழுது பார்க்கவும் "உறுப்பினர்கள் அனைவராலும் ஏகமனதாக" தீர்மானித்ததா எழுதியிருந்தது. வெள்ளை அடிச்சிருந்தாங்க, நாற்காலியும் சரி பண்ணியிருந்தாங்க. யாரும் காசு எடுக்கலை, அதைத் தெளிவா சொல்லிடுறேன். ஆனா அந்தத் தீர்மானம் போட்டது நானாம், எனக்கே தெரியாது.

அந்த நாலு மாசமும் நான் வாய்விட்டுக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். பெண் பிள்ளைங்க கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாள். ரெண்டு கழிப்பறை இருக்கு, ஒண்ணில் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனா இன்னொருத்தி கதவை வெளியே இருந்து பிடிச்சுக்கிட்டு நிக்கணும். என் மகள் காலையில் கொண்டுபோற தண்ணி பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வரும். முதல்ல மறதின்னு நினைச்சுத் திட்டினேன். அப்புறம்தான் புரிஞ்சது, தண்ணி குடிச்சா போக வேண்டி வரும்னு குடிக்கிறதே இல்லை.

அந்தத் தாழ்ப்பாள் நோட்டில் ஒரு பக்கத்திலும் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டம். எழுதாத பக்கத்தில் கையெழுத்து போட மாட்டேன்னு சொல்லப் போறேன். சொல்லலாமா? டீச்சருக்கு ஏதாவது பிரச்சினை ஆகுமா? பிள்ளைங்க அங்கதானே படிக்கிறாங்க, அந்தப் பயமும் இருக்கு.

நாலாம்_பீரியட் · திங்கள், இரவு 10.25

நான் ஆசிரியர், ஈராசிரியர் பள்ளி. உங்கள் வருத்தம் நியாயம்தான். எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

கூட்டம் மூன்று மணிக்கு. உறுப்பினர்கள் வந்து சேர மூன்றரை. நாலு பேர் "மாட்டைக் கட்டணும்" என்று எழுந்துவிடுவார்கள். கூட்டம் நடந்த படம், வந்தவர் வருகை, தீர்மானம் எல்லாவற்றையும் செயலியில் ஏற்றியாக வேண்டும். ஏற்றவில்லை என்றால் வட்டார வள மையத்திலிருந்து (ஒன்றிய அளவிலான கல்வித் துறை அலுவலகம்) அழைப்பு. அந்த நேரத்தில் நான் ஐந்து வகுப்புப் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். இன்னொரு ஆசிரியர் பயிற்சிக்குப் போயிருப்பார்.

அதனால் கையெழுத்தை முதலில் வாங்கிவிட்டு இரவு வீட்டில் உட்கார்ந்து எழுதுவோம். தவறு என்று தெரியும். கையெழுத்துக்காக வீடு வீடாக நோட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் நான். ஒரு வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் சுளகை வைத்துவிட்டு, எங்கே போடணும் என்று மட்டும் கேட்டார். எதற்கு என்று கேட்கவே இல்லை.

கல்வி உரிமைச் சட்டம் 27-ம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் தவிர வேறு கல்விசாரா வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் தினமும் நாங்கள் விவரங்கள் ஏற்றுவதை என்ன வேலை என்று சொல்வது, அந்த விவாதத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

பிரிவு_இருபத்தொன்று · செவ்வாய், காலை 7.10

வேப்பங்கொட்டை அக்காவுக்கு நேரடி பதில்: சொல்லலாம். சொல்லணும்.

2009 கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் அமல். அதில் 21-ம் பிரிவுதான் இந்தக் குழு. நாலில் மூணு பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். நம் மாநிலத்தில் 2022-ல் மறுபடி அமைத்தபோது 20 பேர், அதில் 15 பெற்றோர். 2024-ல் முன்னாள் மாணவர்களையும் உள்ளே கொண்டுவந்தாங்க. தனியார் சுயநிதிப் பள்ளிக்கு இந்தக் குழு கட்டாயம் இல்லை. உதவி பெறும் பள்ளியில் 2012 திருத்தத்துக்குப் பிறகு ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். முழு அதிகாரத்தோட இருக்கிறது உங்க மாதிரி அரசுப் பள்ளிக் குழுவுக்குத்தான்.

சட்டம் கொடுத்த வேலை: பள்ளி எப்படி நடக்குதுன்னு கண்காணிக்கிறது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கிறது, வர்ற மானியம் எப்படிச் செலவாகுதுன்னு பார்க்கிறது. 22-ம் பிரிவைப் படிங்க. அரசு பள்ளிக்குக் கொடுக்கிற மானியத்துக்கு அந்த வளர்ச்சித் திட்டம்தான் அடிப்படைன்னு இருக்கு. நீங்க எழுதாத திட்டத்துக்கு நீங்க கையெழுத்து போட்டிருக்கீங்க. போகட்டும், இனிமே பாருங்க.

ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறையும் பாதுகாப்பான குடிநீரும் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கு. தாழ்ப்பாள் இல்லாத கதவு எந்தக் கணக்கில் வரும்னு அவங்களே சொல்லட்டும்.

மஞ்சள்_வேன் · செவ்வாய், காலை 8.55

யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. தாழ்ப்பாள் கடையில் 80 ரூபா. நாலு மாசம் கூட்டம், நோட்டு, பிரிவு 21, பிரிவு 22. நானா இருந்தா ஞாயித்துக்கிழமை ஸ்க்ரூ டிரைவரோட போய் மாட்டிட்டு வந்திருப்பேன்.

என் பிள்ளைங்க மெட்ரிக் பள்ளி. கையெழுத்தும் கேட்க மாட்டாங்க, கருத்தும் கேட்க மாட்டாங்க, ஃபீஸ் மட்டும் கேப்பாங்க. நிம்மதி.

வேப்பங்கொட்டை · செவ்வாய், மதியம் 1.15

மஞ்சள்_வேன் தம்பி, மாட்டினேன். ரெண்டாவது மாசமே வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டுப் போய் மாட்டினேன். தகரக் கதவு, கீழ்ப்பாதி துருப்பிடிச்சு அப்பளம் மாதிரி இருக்கு. ஆணி பிடிக்கலை. பதினோரு நாள் நின்னுச்சு, அப்புறம் தாழ்ப்பாளோட சேர்ந்து தகரமும் பிய்ஞ்சு வந்துடுச்சு. அந்த ஓட்டை இப்போ வேற. முன்னாடி தாழ்ப்பாள்தான் இல்லை, இப்போ ஓட்டையில் பழைய சாக்கு அடைச்சு வெச்சிருக்கு.

கதவையே மாத்தணும். அது 80 ரூபாயில் முடியாது.

மஞ்சள்_வேன் · செவ்வாய், மதியம் 1.32

சாரி அக்கா. தெரியாம சொல்லிட்டேன்.

பழைய_பிரம்பு · செவ்வாய், மாலை 6.05

ஓய்வு பெற்ற தலைமையாசிரியன். முப்பத்து நாலு வருஷ சர்வீஸ். (பிரம்பு பெயரில்தான், கையில் இல்லை.)

தம்பி சொன்னதில் ஒரு பாதி சரி. ஊர் சேர்ந்து பள்ளிக்குச் செய்வது நமக்குப் புதிதல்ல. காமராசர் காலத்தில், 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று ஊர் ஊராக நடந்தது. நெ.து. சுந்தரவடிவேலு அப்போது கல்வி இயக்குநர். என் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன்: பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று ஆசிரியர்கள் முதலிலேயே பட்டியல் எழுதி வைப்பார்கள். கரும்பலகை இத்தனை, பெஞ்சு இத்தனை, சுற்றுச்சுவர் இவ்வளவு. மாநாட்டில் ஒருத்தர் எழுந்து "மணிக்கூண்டு நான் தருகிறேன்" என்பார். அடுத்தவர் சும்மா இருக்க முடியுமா?

அந்தப் பட்டியலில்தான் விஷயம் இருக்கிறது. என்ன வேண்டும், எவ்வளவு ஆகும் என்று ஒரு தாளில் இருந்தால் அதிகாரியும் தட்ட முடியாது, ஊராரும் தட்ட முடியாது. "பள்ளிக்கு ஏதாவது செய்யுங்க" என்று கேட்டால் ஆளுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கித் தந்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளியில் ஏழு கடிகாரம் இருந்தது, ஒவ்வொன்றிலும் கொடுத்தவர் பெயர். மூன்று ஓடியது.

தலைவியம்மா, ஆசாரியைக் கூட்டிப்போய் கதவை அளந்து, விலை எழுதி வாங்குங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள்.

நாலாம்_பீரியட் · செவ்வாய், இரவு 9.20

பெரியவர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருங்கிணைந்த பள்ளி மானியம் என்று ஒன்று வரும். பிள்ளைகள் எண்ணிக்கைதான் கணக்கு. 30 வரை 10,000 ரூபாய். 100 வரை 25,000. 250 வரை 50,000. 1,000 வரை 75,000. அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் குறைந்தது பத்து சதவீதம் தூய்மைப் பணிக்குப் போக வேண்டும்.

உங்கள் பள்ளியில் 92 பேர், அப்போது 25,000. வருஷம் முழுவதற்கும். சாக்பீஸ், பதிவேடு, மின்விளக்கு, குழாய், வெள்ளை, எல்லாம் இதற்குள். தூய்மைக்கு 2,500. உங்கள் டீச்சர் வெள்ளையடித்ததைக் குறை சொல்வதற்கு முன்னால் இந்தத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள்.

இந்தக் காசு சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தின் கணக்கிலிருந்து வருவது. மத்திய அரசு 60, மாநிலம் 40. 2024-25-ல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி வராமல் நின்றதைச் செய்தியில் படித்திருப்பீர்கள். அங்கே டெல்லியில் கோடியில் சண்டை, இங்கே துடைப்பத்துக்கு நான் கைக்காசு போடுகிறேன்.

கிழக்குத்தெரு · செவ்வாய், இரவு 9.48

அந்த 2,152 கோடியை யார் நிறுத்தினதுன்னு சேர்த்துச் சொல்லுங்க சார். பி.எம். ஸ்ரீ (மத்திய அரசின் பள்ளித் திட்டம்) ஒப்பந்தத்தில் கையெழுத்து போடலைன்னு…

நிர்வாகி · செவ்வாய், இரவு 10.02

கட்சி அரசியலுக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே கதவைப் பேசுவோம்.

மலையடிவாரம் · புதன், காலை 6.30

எங்க பக்கம் வேற மாதிரி. எங்க குழுவுக்கு அதிகாரம் வந்தப்பதான் அடிதடியே வந்துச்சு.

2022-ல் காலியிடத்துக்குத் தற்காலிக ஆசிரியரை மேலாண்மைக் குழு வழியா போடலாம்னு உத்தரவு வந்துச்சு இல்ல, இடைநிலை ஆசிரியருக்கு மாசம் 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000. வழக்கு நீதிமன்றம் வரை போச்சு, சம்பளத்தையும் அப்புறம் கூட்டினாங்க. அந்த நேரம் எங்க ஊரில் யார் யார் வீட்டிலோ பி.எட். முடிச்ச பிள்ளைங்க இருக்காங்கன்னே அப்பதான் தெரிஞ்சது. மூணு விண்ணப்பம், மூணுக்கும் பின்னாடி ஒரு பெரிய மனுஷன். குழுவில் இருந்த எனக்கு ராத்திரி பத்து மணிக்கு போன். "உங்க வீட்டுக் குழாய்க்கு நான்தானே ஏற்பாடு பண்ணினேன்"னு.

கடைசியில் பிள்ளைங்க முன்னாடி மூணு பேரையும் அரை மணி நேரம் பாடம் எடுக்கச் சொன்னோம். யாரைப் போடறதுன்னு அதுக்கப்புறம் யாருக்கும் சந்தேகம் வரலை. ஆனா அந்தப் பெரிய மனுஷன் இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட பேசறதில்லை. குழாயிலும் அடிக்கடி தண்ணி வர்றதில்லை, அது தற்செயலா இருக்கும்.

அதனால் எனக்கு ஒரு கருத்து உண்டு, சிலருக்குப் பிடிக்காது. ஆசிரியரைப் போடற வேலையைக் குழுகிட்ட தரவே கூடாது. கதவு, தண்ணி, சோறு, வருகை இதை நாம பார்ப்போம். ஆளை அரசு போடட்டும், முறையான சம்பளத்தில்.

பிரிவு_இருபத்தொன்று · புதன், காலை 7.45

இதில் நான் மாறுபடறேன். அரசு போடற வரைக்கும் அந்த வகுப்பு சும்மா உட்கார்ந்திருக்கணுமா? சட்டக் கணக்குப்படி தொடக்க வகுப்பில் 60 பிள்ளை வரைக்கும் ரெண்டு ஆசிரியர், மொத்தத்தில் 30-க்கு ஒருத்தர். பல ஊரில் அந்த ரெண்டு பேரில் ஒருத்தர் பயிற்சிக்கோ மாற்றுப்பணிக்கோ போயிருக்கார். நீங்க பாடம் எடுக்கச் சொல்லித் தேர்வு பண்ணின முறை எந்த ஆன்லைன் தேர்வையும் விட நல்ல முறை.

மலையடிவாரம் · புதன், காலை 7.58

உங்களுக்கு ராத்திரி பத்து மணி போன் வந்ததில்லை தம்பி.

ஆறாம்_வகுப்பு_அம்மா · புதன், மதியம் 2.40

கழிப்பறையைப் பேசறீங்க, நல்லது. எங்க நடுநிலைப் பள்ளியில் நான் காலை உணவு சமைக்கிற குழுவில் இருக்கேன். மகளிர் சுயஉதவிக் குழு, பிள்ளைங்க அதே பள்ளியில் படிக்கிறாங்க.

காலை உணவுத் திட்டத்தை 2022 செப்டம்பரில் மதுரையில் ஆரம்பிச்சாங்க, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்துச்சு. ஒண்ணு முதல் அஞ்சு வரைக்கும்தான். போன வருஷம் என் மகள் அஞ்சாவது, என் கையால் உப்புமாவும் கிச்சடியும் சாப்பிட்டா. இந்த வருஷம் ஆறாவது. அதே பள்ளி, அதே மணி. தம்பியைக் கூட்டிட்டு வந்து வரிசையில் உட்கார வெச்சிட்டு, அவ தூண் பக்கத்தில் நிப்பா. நான் கரண்டி பிடிச்சிருக்கேன், என் பிள்ளை தூணைப் பிடிச்சிருக்கா. கணக்குப் படிதான் போடணும். முதல் வாரம் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியலை.

எங்க குழுவில் "ஆறு முதல் எட்டு வரைக்கும் காலை உணவு வேணும்"னு தீர்மானம் போட்டோம். எழுதினதைப் படிச்சுட்டுத்தான் கையெழுத்து போட்டோம். பதில் வரலை. ஆனா தீர்மானம் இருக்கு.

பழைய_பிரம்பு · புதன், மாலை 5.30

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோதும் பெரிய பிள்ளைகளுக்கு உடனே வரவில்லை. பிறகு படிப்படியாக விரிந்தது. உங்கள் தீர்மானத்தை விட்டுவிடாதீர்கள் அம்மா. ஒவ்வொரு கூட்டத்திலும் "முந்தைய தீர்மானத்தின் நிலை" என்று முதல் வரியிலேயே எழுதச் சொல்லுங்கள்.

கிழக்குத்தெரு · புதன், இரவு 8.15

அரசியல் வேணாம், சரி. ஒரு கேள்வி மட்டும். குழுவில் ரெண்டு உள்ளாட்சி உறுப்பினர் இருக்காங்க. அவங்க பிள்ளைங்க எங்க படிக்கிறாங்க?

எங்க வார்டு மெம்பர் கூட்டத்துக்கு வர்றப்ப காலை எட்டு மணிக்கே அவர் பையனை மஞ்சள் வேனில் ஏத்தி அனுப்பிட்டுத்தான் வர்றார். (மஞ்சள்_வேன் ப்ரோ, உங்களைச் சொல்லலை.) அவர் பையனுக்குத் தனியார் பள்ளியில் நலிந்த பிரிவுக்கான 25 சதவீத ஒதுக்கீட்டில் இடம், ஃபீஸ் அரசு கட்டுது. அது சட்டப்படி சரிதான். ஆனா "அரசுப் பள்ளியில் சேர்க்கை ஏன் குறையுது"ன்னு அவர் பேச ஆரம்பிக்கும்போது எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை.

மஞ்சள்_வேன் · புதன், இரவு 8.40

நான் ஏன் தனியாரில் போட்டேன்னு உண்மையைச் சொல்றேன். இங்கிலீஷ் எல்லாம் அப்புறம். எங்க ஊர்ப் பள்ளிக்குப் பார்க்கப் போனப்ப முதல்ல கழிப்பறையைத்தான் போய்ப் பார்த்தேன். உள்ளே தண்ணி இல்லை. அன்னைக்கு சாயங்காலமே வேன்காரரைக் கூப்பிட்டேன்.

இப்ப இந்த இழையைப் படிச்சப்புறம், அந்தப் பள்ளியில் தலைவி யாருன்னு கூட விசாரிக்காம வந்துட்டேனேன்னு தோணுது. விசாரிச்சிருந்தாலும் சேர்த்திருக்க மாட்டேன், அது வேற.

நாலாம்_பீரியட் · புதன், இரவு 9.30

தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது, கழுவ ஆள் வேண்டும். எங்கள் தொடக்கப் பள்ளித் துப்புரவுப் பணியாளருக்கு மாதம் 1,000 ரூபாய். தினமும் வர வேண்டும். அவர் மூன்று பள்ளி பார்க்கிறார், இடையில் நடந்தே போகிறார். "ஏன் சரியாகக் கழுவவில்லை" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. உங்கள் குழுக்களில் யாராவது இந்தச் சம்பளத்தைப் பற்றித் தீர்மானம் போட்டிருக்கிறீர்களா?

வேப்பங்கொட்டை · வெள்ளி, இரவு 10.10

கூட்டம் முடிஞ்சது. நடந்ததை அப்படியே எழுதறேன்.

முதல்ல நேரம். எங்க குழுவில் ஏழு பேர் நூறு நாள் வேலைக்குப் போறவங்க. அங்க காலையில் ஒரு போட்டோ, மதியத்துக்கு மேல ஒரு போட்டோ எடுத்து ஏத்துவாங்க. மூணு மணிக் கூட்டத்துக்குக் கிளம்பினா ரெண்டாவது போட்டோவில் ஆள் இருக்காது, கூலி போயிடும். இத்தனை நாள் "அக்கறை இல்லாத அம்மாக்கள்"னு பேர் வாங்கினது இதனாலதான். டீச்சர்கிட்ட சொன்னேன், அவங்களுக்கே தெரியலை. நாலரைக்கு வெச்சோம். பதினேழு பேர் வந்தாங்க.

நோட்டு வந்தது. இந்தத் தடவை மேலே எழுதியே கொண்டுவந்திருந்தாங்க. நான் "படிச்சுட்டுப் போடறேன் டீச்சர்"னு சொன்னேன். குரல் நடுங்குச்சு, பொய் சொல்லலை. டீச்சர் முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. "படிங்கம்மா, தாராளமா"ன்னாங்க. சத்தமா படிச்சேன்.

மூணாவது வரி: "பள்ளியின் கழிப்பறைகள் தூய்மையாகவும் பயன்பாட்டிலும் உள்ளன என்பது உறுப்பினர்களால் உறுதி செய்யப்பட்டது."

யாரும் பேசலை. அப்புறம் பின்னாடி இருந்து ஒரு அம்மா, கைநாட்டு வைக்கிறவங்க, கேட்டாங்க: "இது போன மாசமும் இருந்துச்சா?" டீச்சர் தலையாட்டினாங்க. "அப்ப நான் அஞ்சு மாசமா கதவு நல்லா இருக்குன்னா ரேகை வெச்சிருக்கேன்?"

டீச்சர் கோபப்படுவாங்கன்னு நினைச்சேன். அவங்க பேனாவை எடுத்து அந்த வரியை அடிச்சாங்க. "மாதிரி வந்ததைப் பார்த்து எழுதிட்டேன்மா, நீங்க சொல்லுங்க, எழுதறேன்"னாங்க. நான் சொல்லச் சொல்ல அவங்க எழுதினாங்க: பெண்கள் கழிப்பறை இரண்டில் ஒன்றில் கதவு பழுது, உள்தாழ்ப்பாள் இல்லை, புதிய கதவுக்கு ஆசாரி தந்த மதிப்பு 3,400 ரூபாய், தூய்மைக்கான தொகையிலிருந்து 2,500 எடுப்பது, மீதிக்கு ஊராட்சியைக் கேட்பது. நாலாம்_பீரியட் சார் சொன்ன துப்புரவு அக்கா சம்பளத்தையும் ஒரு வரி சேர்த்தோம்.

அப்புறம் கையெழுத்து போட்டேன். எல்லாரும் போய் ரொம்ப நேரம் கழிச்சு டீச்சர் என்கிட்ட வந்து, "இதை ஏம்மா முதல் மாசமே கேட்கலை"ன்னாங்க. எனக்குப் பதில் தெரியலை.

பிரிவு_இருபத்தொன்று · வெள்ளி, இரவு 10.31

அக்கா!! அந்தப் பக்கத்தை போன்ல படம் எடுத்து வெச்சுக்கோங்க. அடுத்தது அக்டோபர் 2 கிராம சபை. தீர்மானத்தின் நகலோட போய் அங்கயும் பதிவு பண்ணச் சொல்லுங்க. ஊராட்சி மீதியைத் தரலைன்னா தகவல் உரிமை மனு, பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், முப்பது நாள். கல்வித் துறை உதவி எண் 14417-உம் இருக்கு.

மலையடிவாரம் · சனி, காலை 6.15

மனு எல்லாம் அப்புறம் போடுங்க. முதல்ல ஊராட்சித் தலைவர் வீட்டுக்கு நாலு அம்மாவா சேர்ந்து போங்க. மனு போட்டா பதில்தான் வரும், நேர்ல போனா கதவு வரும்.

வேப்பங்கொட்டை · மூணு வாரம் கழிச்சு, ஞாயிறு

கதவு வந்துடுச்சு. மலையடிவாரம் அண்ணன் சொன்ன மாதிரிதான், நாலு பேர் போனோம். கிராம சபையில் பதிவும் பண்ணினோம். மீதி 900 ஊராட்சியில் "பார்க்கிறோம்"னு சொன்னாங்க, இன்னும் பார்த்துக்கிட்டு இருக்காங்க. ஆசாரி கடனுக்குப் போட்டுக்கொடுத்தார். பி.வி.சி. கதவு, துருப்பிடிக்காது.

பழைய_பிரம்பு · ஞாயிறு, மாலை

மிக்க மகிழ்ச்சி அம்மா. தாழ்ப்பாள் எந்த உயரத்தில் போட்டீர்கள்? இதில் நான் ஒருமுறை தவறு செய்திருக்கிறேன்.

வேப்பங்கொட்டை · ஞாயிறு, இரவு

ஐயா, நல்லவேளை நான் கூட இருந்தேன். ஆசாரி நம்ம வீட்டுக் கதவு மாதிரி நாலரை அடியில் பென்சில் கோடு போட்டுட்டார். ஒண்ணாவது படிக்கிற பாப்பாவைக் கூட்டிவந்து நிக்க வெச்சோம். கையைத் தூக்கி எட்டிப் பார்க்குது, விரல் நுனி கூடத் தொடலை. மூணு அடிக்கு இறக்கினோம். அது உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுட்டு, திறக்கத் தெரியாம உள்ளேயே நின்னு சிரிச்சுது. அப்புறம் நாலு தடவை திறந்து மூடிப் பழக்கினோம்.

ஆறாம்_வகுப்பு_அம்மா · ஞாயிறு, இரவு

உங்க மகளோட தண்ணி பாட்டில்?

வேப்பங்கொட்டை · திங்கள், மாலை 5.20

இன்னும் முழுசாத்தான் வருது. கேட்டா "பழகிடுச்சும்மா"ங்கிறா. இன்னிக்குக் கால்வாசி குறைஞ்சிருந்தது, செடிக்கு ஊத்தினாளோ என்னவோ, கேட்கலை.

வர்ற வெள்ளி நாலரைக்கு அடுத்த கூட்டம். அந்த 900 முதல் வரி.